கிட்டாரும் ஹார்ப்சிகார்டும் ஏன் அபூர்வமான ஜோடி?

மெக்சிகோ இசையமைப்பாளர் மனுவேல் போன்சே 1926இல், பாரிஸில் தங்கியிருந்த நாட்களில், கிட்டாருக்கும் ஹார்ப்சிகார்டுக்குமாக ஒரு சொனாட்டா (பாட்டு இல்லாமல் கருவிகளுக்கு மட்டும் எழுதும் படைப்பு) எழுதினார். அதை முதல் முறை கேட்டபோது எனக்கு ஒரே குழப்பம். இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று தெரிந்தது. யார் எதை வாசிக்கிறார் என்று பிடிபடவில்லை. ஒரு வரி கிட்டாரில் தொடங்கிய மாதிரி இருந்தது, முடியும்போது பார்த்தால் ஹார்ப்சிகார்டில் இருந்தது. மூன்று நான்கு தடவை கேட்டதும் காது பழகிவிட்டது. அப்புறம் அந்த இசையை விட முடியவில்லை.

வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் சொனாட்டாக்கள் மேற்கத்திய இசையில் நூற்றுக்கணக்கில் உண்டு. கிட்டாருக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் என்றே எழுதப்பட்டவற்றில் பெயர் சொல்லும்படியானவை கொஞ்சம்தான். இரண்டும் ஒரே இனத்துக் கருவிகள். அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த ஒற்றுமை இசையமைப்பாளர்களைத் தயங்க வைத்ததோ, அதே ஒற்றுமையில்தான் இந்த இசையின் அழகும் இருக்கிறது. மேற்கத்திய இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்கியவர்களுக்கும் புரியும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஹார்ப்சிகார்டிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் பலர் அதை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். படத்தில் பார்த்தால் பியானோவின் ஒல்லியான தங்கை மாதிரி இருக்கும். மேலே மூடி, உள்ளே தந்திகள், முன்னால் வரிசையாகக் கீகள். உறவெல்லாம் பார்வைக்கு மட்டும்தான். பியானோவில் கீயை அழுத்தினால், மெத்தென்ற கம்பளி போர்த்திய சுத்தியல் ஒன்று தந்தியை அடிக்கும். ஹார்ப்சிகார்டில் சுத்தியலே கிடையாது. கீயின் மறுமுனையில் ஜாக் எனப்படும் மெல்லிய மரப்பட்டை செங்குத்தாக நிற்கிறது. அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன முள் நீட்டிக்கொண்டிருக்கும். பழைய காலத்தில் பறவை இறகின் தண்டைச் சீவி இந்த முள்ளைச் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். கீயை அழுத்தியதும் ஜாக் எழும்பும், முள் தந்தியைச் சுண்டிவிட்டு மேலே போகும். விரலை எடுத்தால் ஜாக் கீழே இறங்கும். முள்ளைத் தாங்கும் நாக்கு பின்னால் சாய்ந்து, தந்தியை மறுபடி சுண்டாமல் நழுவிவிடும். ஜாக்கில் செருகியிருக்கும் சிறு துணித்துண்டு தந்தியில் படிந்து ஒலியை நிறுத்தும். ஒவ்வொரு சுரத்துக்கும் இவ்வளவு வேலை நடக்கிறது.

இதற்குத் தமிழில் அழகான வினைச்சொல் ஏற்கெனவே இருக்கிறது: மீட்டுதல். வீணையை மீட்டுகிறோம், கிட்டாரை மீட்டுகிறோம். ஹார்ப்சிகார்டிலும் நடப்பது மீட்டல்தான். விரலுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு மரப்பட்டை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அந்த மரப்பட்டை நிறைய விஷயங்களை மாற்றிவிடுகிறது. ஹார்ப்சிகார்டின் கீயை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் முள் தந்தியைச் சுண்டும் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் விரலின் அழுத்தத்தால் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் கிறிஸ்தோஃபொரி என்ற கைவினைஞர் சுத்தியல் வைத்த கருவியைச் செய்தார். மெதுவாகவும் பலமாகவும் ஒலிக்கும் ஹார்ப்சிகார்ட் என்ற பொருளில் அதற்கு வழங்கிய நீளமான பெயர்தான் பின்னாளில் பியானோ என்று சுருங்கியது. சரி, ஹார்ப்சிகார்ட் வாசிப்பவர் என்ன செய்வார்? பலமாக ஒலிக்க வேண்டிய இடத்தில் அதிகச் சுரங்களைச் சேர்த்து அடர்த்தியாக வாசிப்பார். கருவியில் ஒவ்வொரு கீக்கும் இரண்டு மூன்று தந்திகள் இருக்கும். அவற்றில் எத்தனை ஒலிக்க வேண்டும் என்பதைத் தனித் திருகிகளால் மாற்றிக்கொள்வார். ஒரு சுரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால் அதற்கு முன் ஒரு மயிரிழை தாமதிப்பார். காது அந்தத் தாமதத்தை அழுத்தம் என்றே எடுத்துக்கொள்ளும்.

கிட்டாரில் இந்தத் தடைகள் இல்லை. கிளாசிகல் கிட்டார் வாசிப்பவர் பிக் எனப்படும் மீட்டும் சில்லைப் பயன்படுத்துவதில்லை. வலது கை விரல்களின் நகமும் சதையும் நேராகத் தந்தியில் படுகின்றன. மெல்ல மீட்டினால் மெல்லக் கேட்கும். உடலில் தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு, அதாவது பாலத்துக்குப் பக்கத்தில் மீட்டினால் ஒலி கூர்மையாக, உலோகம் மாதிரி வரும். இடது கை விரல்கள் அழுத்தும் ஃப்ரெட் பலகைப் பக்கம் நகர்ந்தால் உருண்டு, இனிப்பாக வரும். இடது கை விரலை லேசாக அசைத்து சுரத்தை நடுங்கவைக்கலாம். ஆனால் மொத்த ஒலி சிறியது. வீச்சும் மூன்றரை ஸ்தாயிதான்; பெரிய ஹார்ப்சிகார்டுக்கு ஐந்து.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு, இந்த ஜோடியைப் புரிந்துகொள்ள அதுதான் சாவி. மீட்டிய கணத்தில் ஒலி உச்சத்தில் இருக்கும்; அடுத்த கணத்திலிருந்து தேயத் தொடங்கும். வயலின் வில்லை இழுத்துக்கொண்டே இருந்தால் சுரம் நிற்கும், வளரக்கூடச் செய்யும். புல்லாங்குழலில் மூச்சு இருக்கும்வரை சுரம் இருக்கும். மீட்டும் கருவியில் பிறந்த சுரத்தைக் காப்பாற்ற வழி இல்லை. அதனால்தான் பெரும்பாலான இசையமைப்பாளர்கள் மீட்டும் கருவியோடு ஊதும் கருவியையோ வில் கருவியையோ சேர்த்தார்கள். புல்லாங்குழலும் கிட்டாரும், வயலினும் ஹார்ப்சிகார்டும் என்று. ஒன்று இழுத்துப் பிடிக்கும், மற்றது தாளத்தையும் இசைவையும் கொடுக்கும். வேலை தானாகப் பிரிந்துவிடும்.

இரண்டு மீட்டும் கருவிகளைச் சேர்த்தால் அந்தப் பிரிவினை கிடைக்காது. இரண்டும் தேய்கின்றன. கிட்டாரின் வீச்சு முழுவதும் ஹார்ப்சிகார்டின் நடுப்பகுதிக்குள் அடங்கிவிடுகிறது. இருவரும் ஒரே இடத்தில் நிறைந்த கார்டுகளாக, அதாவது பல சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து, வாசித்தால் சலசலவென்று ஒரு இரைச்சல்தான் மிஞ்சும். கிட்டார் காணாமலே போய்விடும். எழுதுபவர் ஒவ்வொரு அடியிலும் யோசிக்க வேண்டும். கிட்டார் நடுவில் பேசினால் ஹார்ப்சிகார்ட் மேலேயோ கீழேயோ விலக வேண்டும். ஹார்ப்சிகார்ட் அடர்ந்தால் கிட்டார் ஒற்றை வரியாக மெலிய வேண்டும். ஒன்று மீட்டிய சுரம் தேயும் இடைவெளியில் மற்றது தன் சுரத்தை வைக்க வேண்டும். கூடை பின்னுவது மாதிரியான வேலை.

இந்த மாதிரி எழுத்துக்கு ஏற்ற இடம் அறையிசை, அதாவது சேம்பர் மியூசிக். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் ஒரே வரியைப் பத்துப் பதினைந்து வயலின்கள் சேர்ந்து வாசிக்கும், முன்னால் நடத்துநர் நிற்பார். அறையிசையில் ஒரு வரிக்கு ஒரே ஆள், நடத்துநர் கிடையாது. ஒருவர் தவறினால் மறைக்க யாரும் இல்லை. கிட்டார்–ஹார்ப்சிகார்ட் சொனாட்டா இதில் மிகச் சிறிய வடிவம், இரண்டே பேர்.

இரண்டு கருவிகளும் ஒன்றுக்கொன்று முன்பின் தெரியாதவை அல்ல. 17ஆம் நூற்றாண்டில் பாடகருக்கோ வயலினுக்கோ பின்னணி கொடுக்கும் குழுவில் ஹார்ப்சிகார்டும் லூட் (பாதிப் பேரிக்காய் மாதிரி உடல் கொண்ட பழைய மீட்டும் கருவி), கிட்டார் வகைக் கருவிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. எழுதிக் கொடுத்த கீழ்வரியைப் பார்த்துக்கொண்டு கார்டுகளைத் தாங்களே நிரப்பி வாசிப்பார்கள். அங்கே இரண்டும் பின்னணி ஆட்கள். முன்னால் வந்து தங்களுக்குள் பேசும் வாய்ப்பு இல்லை.

அப்புறம் ஸ்கார்லாட்டி. டொமெனிகோ ஸ்கார்லாட்டி இத்தாலியர். போர்ச்சுகல் இளவரசி மரியா பார்பராவுக்கு இசை ஆசிரியராக இருந்தார். அவள் ஸ்பெயின் அரச குடும்பத்தில் மணமுடித்ததும் 1729இல் அவரும் ஸ்பெயினுக்குப் போனார். முதலில் செவில், பிறகு 1757இல் இறக்கும்வரை மாட்ரிட். அவருடைய கீபோர்டு சொனாட்டாக்கள் 555 என்று எண்ணியிருக்கிறார்கள். அவற்றில் பலவற்றைக் கேட்டால், ஹார்ப்சிகார்டுக்குள் யாரோ கிட்டாரை ஒளித்துவைத்த மாதிரி இருக்கும். ஒரே சுரத்தைப் படபடவென்று திரும்பத் திரும்பத் தட்டுவார். பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை வேண்டுமென்றே மோதவிட்டு, கிட்டாரைக் கையால் வருடும்போது வரும் கரகரப்பைக் கொண்டுவருவார். கிட்டாருக்கென்று ஒரு வரிகூட எழுதாமலே இந்த இரண்டு கருவிகளும் உறவினர்கள் என்று காட்டியவர் அவர்தான். கிட்டார் கலைஞர்கள் இன்றும் அவருடைய சொனாட்டாக்களைத் தங்கள் கருவிக்கு மாற்றி வாசிக்கிறார்கள், அவை தயக்கமில்லாமல் அதில் பொருந்துகின்றன.

உண்மையில் ஜோடியாகவே அச்சிடப்பட்ட ஒரு பழைய உதாரணமும் உண்டு. ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் மாணவரான ருடால்ஃப் ஸ்ட்ரௌபெ லண்டனில் குடியேறிய பிறகு, 1768இல் மூன்று சொனாட்டாக்களை வெளியிட்டார். அவற்றில் முதன்மைக் கருவி அன்றைய இங்கிலாந்தில் வீடுகளில் புழங்கிய 'கிட்டார்' என்ற பெயருடைய உலோகத் தந்திக் கருவி. நாம் இன்று கிட்டார் என்று சொல்வது அதை அல்ல. துணைக்கு ஹார்ப்சிகார்ட் அல்லது செல்லோ, எது கையில் இருக்கிறதோ அது.

பிறகு பியானோ வந்து எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் ஹார்ப்சிகார்ட் ஏறக்குறைய மேடையை விட்டே போய்விட்டது. அதை மறுபடி மேடையேற்றியதில் பெரிய பங்கு போலந்தில் பிறந்த ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்காவுக்கு உண்டு. பாரிஸின் பிளேயல் நிறுவனம் 1912இல் அவருக்காக ஒரு பெரிய ஹார்ப்சிகார்டைக் கட்டியது. இரண்டு அடுக்குக் கீகள், ஒலியை மாற்றக் காலடியில் பெடல்கள், பியானோ செய்யும் கைகளால் செய்த கனமான உடல். 18ஆம் நூற்றாண்டின் மெல்லிய கருவிகளிலிருந்து அது ரொம்ப தூரம். பிற்காலத்தில் பலர் அதை ஒதுக்கினார்கள், ஆனால் புதிய இசையமைப்பாளர்கள் ஹார்ப்சிகார்டைத் திரும்பிப் பார்த்தது அதன் வழியாகத்தான். ஸ்பெயினின் மனுவேல் டி ஃபாயா லாண்டோவ்ஸ்காவுக்காக எழுதிய ஹார்ப்சிகார்ட் கன்செர்ட்டோ (ஒரு தனிக் கருவியை முன்னிறுத்தி மற்றக் கருவிகளோடு வாசிக்கும் படைப்பு) 1926இல் பார்சிலோனாவில் அரங்கேறியது. போன்சேயின் சொனாட்டாவும் அதே ஆண்டுதான்.

அதே காலத்தில் கிட்டாருக்கும் ஒரு மறுபிறப்பு. ஸ்பெயினின் கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், பெரிய அரங்குகளில் அது நிற்கும் என்று காட்டிக்கொண்டிருந்தார். 1923இல் மெக்சிகோ நகரில் அவர் வாசித்ததைக் கேட்ட போன்சே பத்திரிகையில் பாராட்டி எழுதினார். செகோவியா உடனே, எனக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். போன்சே பியானோ கலைஞர், 'எஸ்திரெயீத்தா' என்ற பாடலால் ஏற்கெனவே புகழ் பெற்றவர். அந்த ஒரு சந்திப்பிலிருந்து கிட்டாருக்கு அவர் தொடர்ந்து எழுதினார். 1925இல் பாரிஸ் போனார். நாற்பதைத் தாண்டிய, சொந்த நாட்டில் பெயர்பெற்ற மனிதர், பிரெஞ்சு இசையமைப்பாளர் பால் டூகாஸிடம் மாணவராக மறுபடி உட்கார்ந்தார். அந்தப் பணிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது.

ஆக 1920களின் பாரிஸ், மறக்கப்பட்ட ஹார்ப்சிகார்டும் ஒதுக்கப்பட்ட கிட்டாரும் ஒரே நேரத்தில் தலைதூக்கிய இடம். போன்சே அந்த இரண்டையும் ஒரே தாளில் வைத்தார்.

அவருடைய சொனாட்டாவில் மூன்று மூவ்மென்ட்கள். மூவ்மென்ட் என்பது தனித்தனி வேகமும் மனநிலையும் கொண்ட பகுதி. ஒன்று முடிந்ததும் சின்ன மௌனம், பிறகு அடுத்தது. முதலாவது மிதமான விறுவிறுப்பு. இரண்டாவதின் தலைப்பில் 'அஃபெத்துவோசோ' என்ற இத்தாலியச் சொல் இருக்கிறது, பாசத்தோடு வாசிக்க வேண்டும் என்று பொருள். மூன்றாவது வேகமானது, ஆனால் ரொம்ப விரட்டாமல் இனிமையாக என்று குறித்திருக்கிறார். இசைவுகளில் பிரெஞ்சு வாடை அடிக்கும், வடிவமும் கருவியும் 18ஆம் நூற்றாண்டை நினைவூட்டும். ஹார்ப்சிகார்ட் இதில் பின்னணி ஆள் இல்லை. இருவருக்கும் சமமான பேச்சு.

இதே ஜோடிக்கு போன்சே எழுதிய இன்னொரு சிறு துண்டுக்கு வேடிக்கையான வரலாறு உண்டு. ஈ மேஜர் என்ற சுர வரிசையில் அமைந்த ஒரு பிரெலூட், அதாவது முன்னுரை மாதிரியான சிறு படைப்பு. 18ஆம் நூற்றாண்டு நடையை அச்சு அசலாகப் பிடித்து எழுதியது. செகோவியா அதை போன்சேயின் பெயரில் வாசிக்கவில்லை. பாக்கின் சமகாலத்தவரான சில்வியுஸ் லியோபோல்ட் வைஸ் என்ற, ஜெர்மனியின் டிரெஸ்டன் அரண்மனை லூட் கலைஞரின் படைப்பு என்று சொல்லி வாசித்தார். போன்சே எழுதிய ஒரு முழு ஸ்வீட்டுக்கும் (பல சிறு துண்டுகள் சேர்ந்த தொகுப்பு) இதே கதைதான். கேட்டவர்கள் நம்பினார்கள். 20ஆம் நூற்றாண்டு மெக்சிகோக்காரர் ஒருவர் பழைய டிரெஸ்டன் அரண்மனை இசையை இவ்வளவு நெருக்கமாக எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு ஆச்சரியம். அவர் பெயர் அத்தனை ஆண்டுகள் மறைந்தே இருந்ததில் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

இந்த இசையைப் பரவலாகக் கொண்டுபோன ஜோடி கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸும் கொலம்பியா நாட்டு ஹார்ப்சிகார்ட் கலைஞர் ரஃபாயேல் புயானாவும். (ஆஸ்திரேலியாவில் பிறந்த கிட்டார் கலைஞர் இவர், அதே பெயருள்ள திரையிசையமைப்பாளர் வேறு.) புயானா லாண்டோவ்ஸ்காவின் மாணவர். இவர்கள் போன்சேயையும் ஸ்ட்ரௌபெயையும் பதிவு செய்தார்கள். இவர்களுக்காகவே இங்கிலாந்தின் ஸ்டீஃபன் டாட்ஜ்சன் 1968இல் டுவோ கன்செர்ட்டான்டே என்ற புதிய படைப்பை எழுதினார். போன்சேயில் இருக்கும் இனிப்பு அதில் குறைவு; இரண்டு கருவிகளின் கூர்மையும் மேலே தெரியும்படி எழுதியிருப்பார்.

மேடையில் இதை வாசிப்பது எவ்வளவு கடினம் என்பது வெளியே தெரிவதில்லை. முதல் கஷ்டம், ஒன்றாகத் தொடங்குவது. வயலினும் பியானோவும் நூலிழை முன்பின்னாகத் தொடங்கினாலும் வில்லின் மென்மை அதை மூடிவிடும். இரண்டு மீட்டல்கள் நூலிழை பிசகினாலும் 'டடக்' என்று இரண்டு சத்தமாகக் கேட்கும். அதனால் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்க்கும்படி உட்கார்ந்து, மூச்சை எடுக்கும் விதத்தாலேயே சைகை கொடுத்துக்கொள்கிறார்கள். ஒலியளவும் ஒரு பாடு. ஹார்ப்சிகார்ட் எளிதாகக் கிட்டாரை மூழ்கடித்துவிடும், அதனால் மூடியைப் பாதி திறப்பதா முழுக்க மூடுவதா, எத்தனை வரிசைத் தந்திகள் போதும் என்பதையெல்லாம் அந்தந்த அரங்கில் உட்கார்ந்து கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சுருதி இன்னும் சுவையான விஷயம். கிட்டாரில் ஆறு தந்தி. ஹார்ப்சிகார்டில் 61 கீகளும் ஒவ்வொன்றுக்கும் மூன்று தந்திகளும் இருந்தால் மொத்தம் 183. அரங்கின் ஈரப்பதம் கொஞ்சம் மாறினால் போதும், அத்தனையும் விலகத் தொடங்கும். ஹார்ப்சிகார்ட் கலைஞர்களில் பெரும்பாலோர் தாங்களே சாவியை எடுத்துச் சுருதி சேர்ப்பவர்கள்; கச்சேரிக்கு முன் மட்டுமல்ல, இடைவேளையிலும் குனிந்துகொண்டு திருகிக்கொண்டிருப்பார்கள். அதிலும் ஒரு சிக்கல். பழைய இசைக்கு ஹார்ப்சிகார்டைச் சில சுரக்கூட்டங்கள் கூடுதலாக இனிக்கும்படி, சில கொஞ்சம் கசக்கும்படி சமமில்லாமல் சுருதி சேர்க்கும் முறைகள் உண்டு. கிட்டாரில் அது முடியாது, ஏனென்றால் ஃப்ரெட்டுகள் ஆறு தந்திகளுக்கும் குறுக்கே நேர்கோடாகப் பதிந்தவை. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிப்பவை. அதனால் இந்த ஜோடியில் ஹார்ப்சிகார்ட்தான் கிட்டாருக்கு வளைந்துகொடுக்க வேண்டும். போதாக்குறைக்கு, பழைய இசைக்கான ஹார்ப்சிகார்டுகள் பல இன்றைய கிட்டாரைவிட அரைச் சுரம் தாழ்ந்த சுருதியில் இருக்கும்; 'ஏ' என்ற சுரம் நொடிக்கு 440 அதிர்வுகளுக்குப் பதில் 415. அதையும் முன்கூட்டியே பேசி ஒத்துக்கொள்ள வேண்டும்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? காதுக்கு உடனே பிடிக்க வேண்டும் என்றால் பொக்கெரினியின் ஃபண்டாங்கோ. ஸ்கார்லாட்டியைப் போலவே ஸ்பெயினில் வாழ்ந்த இத்தாலியரான அவர், அதை கிட்டாருக்கும் நான்கு வில் கருவிகளுக்குமாக எழுதினார். பிற்காலத்தில் ஆங்கிலக் கிட்டார் கலைஞர் ஜூலியன் பிரீம் அதைக் கிட்டார்–ஹார்ப்சிகார்ட் ஜோடிக்கு மாற்றி, ஹார்ப்சிகார்ட் கலைஞர் ஜார்ஜ் மால்கமுடன் பதிவு செய்தார். அடுத்து போன்சேயின் அந்த பிரெலூட், சின்னது. பிறகு சொனாட்டா.

ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். பல பதிவுகளில் ஒரு கருவி ஒரு பக்கம் சற்று ஒதுங்கிக் கேட்கும், குழப்பம் பாதி குறையும். சொனாட்டாவை இரண்டாவது மூவ்மென்ட்டிலிருந்து தொடங்கினாலும் தவறில்லை. அங்கே வேகம் குறைவு, ஒவ்வொரு சுரமும் தேய்வதற்கு நேரம் இருக்கிறது. கிட்டாரின் சுரம் மெல்ல மங்கி அடங்கும். ஹார்ப்சிகார்டின் சுரம் உலோகப் பளபளப்போடு நின்று, விரலை எடுத்த கணத்தில் துணித்துண்டு படிந்து சட்டென்று அறுபடும். அந்த இரண்டு முடிவுகளையும் காது பிரித்துக் கேட்கத் தொடங்கிவிட்டால், யார் எதை வாசிக்கிறார் என்ற குழப்பம் அப்புறம் வராது.